மேதையின் பியானோ என்றால் போதுமா?

பழம் இசைக்கருவிகளைச் சேகரிக்கும் அலெக் காப் 1988-ல் ஒரு பழைய பிளேயல் பியானோவை 2,000 பவுண்டுக்கு வாங்கினார். இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்தில் ஹாட்ச்லண்ட்ஸ் என்ற மாளிகையில் இருக்கும் அவருடைய சேகரிப்பில் அதுவும் ஒன்றாக நின்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2007-ல், ஜான்-ஜாக் ஐகெல்டிங்கர் என்ற சுவிஸ் இசையறிஞர் பிளேயல் நிறுவனத்தின் பழைய பேரேடுகளைக் கொண்டு அந்தக் கருவியின் 13819 என்ற எண்ணுக்கு உரியவரைக் கண்டுபிடித்தார். 1848-ல் பாரிஸில் புரட்சி வெடித்தபோது இசையமைப்பாளர் ஷோபன் லண்டனுக்குக் கொண்டுபோன பியானோ அது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. செய்திக்கு முந்தைய நாள் அதில் எழுந்த நாதத்துக்கும் மறுநாள் எழுந்த நாதத்துக்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை. மாறியது கேட்டவர்களின் காது.

இசைத்தட்டு நிறுவனங்களுக்கு இந்தக் காதை நன்றாகத் தெரியும். மொசார்ட்டின் சொந்தப் பியானோவில், பீத்தோவனின் சொந்தப் பியானோவில், நார்வே இசையமைப்பாளர் கிரீகின் வீட்டுக் கூடத்துப் பியானோவில் என்று உறையில் அச்சிட்டுவிட்டால் விற்பனையில் பாதி வேலை முடிந்தது. இப்படிப்பட்ட பதிவுகளே வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த நல்ல பியானோ பதிவுகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் ‘அவர் கை பட்ட கட்டை’ என்ற பக்தியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த ஒலி எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு பதிவை விற்பவர்களுக்கு இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை.

சால்ஸ்பர்கில் மொசார்ட்டியம் அறக்கட்டளையிடம் இருக்கும் பியானோவையே எடுத்துக்கொள்ளலாம். வியன்னாவில் ஆண்டன் வால்ட்டர் செய்தது. 1782 வாக்கில் மொசார்ட்டிடம் வந்து, 1791-ல் அவர் இறக்கும்வரை அவருடன் இருந்தது. ஐந்து ஸ்தாயி, 61 கட்டைகள், சுமார் 85 கிலோ எடை. இன்றைய கச்சேரி மேடையில் நிற்கும் பெரிய ஸ்டைன்வேயில் 88 கட்டைகள், எடை 480 கிலோ. வால்ட்டரின் கருவியில் இரும்புச் சட்டம் கிடையாது. தந்திகளின் இழுவையைத் தாங்குவது மரம் மட்டுமே. சுத்தியல்கள் மிகச் சிறியவை. அவற்றின் மேல் இன்றுபோல் தடித்த கம்பளம் கிடையாது, மெல்லிய தோல்தான்.

1785-ல் மகனைப் பார்க்க வியன்னா வந்த லெயோபோல்ட் மொசார்ட், தான் வந்த பிறகு இந்தப் பியானோ குறைந்தது பன்னிரண்டு முறையாவது வீட்டை விட்டு அரங்குக்கோ வேறொருவர் வீட்டுக்கோ தூக்கிச் செல்லப்பட்டிருக்கும் என்று மகள் நானெர்லுக்கு எழுதினார். கருவி 85 கிலோவாக இருந்ததால் அது நடந்தது. அன்று அது ஒரு தொழிலாளியின் கருவி. மழையிலும் பனியிலும் தெருவில் போய்வந்தது. இன்று அது அருங்காட்சியகப் பொருள்.

இந்தக் கருவியில் மொசார்ட்டின் சொனாட்டாக்கள் முழுவதையும் வாசித்தவர் அமெரிக்கரான ராபர்ட் லெவின். 2017, 2018 ஆண்டுகளில் பதிவாகி, 2022-ல் இசிஎம் நிறுவனம் வழியாக 7 தட்டுகளாக வந்தது. கேட்கும்போது முதலில் படுவது இடது கையின் தெளிவு. மந்திர ஸ்தாயியில் நெருக்கமாக எழுதப்பட்ட சுரக்கூட்டங்கள் இன்றைய பியானோவில் கலங்கிப்போய்க் கனமாக விழும். இதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதுக்கு வருகிறது. மேல் ஸ்தாயி வறண்டு சட்டென்று அடங்கிவிடுகிறது. நடு ஸ்தாயியில் ஒரு குரல் வளம். மூன்று பேர் பேசுவதுபோல் மொசார்ட் ஏன் எழுதினார் என்பது இங்கே விளங்கிவிடுகிறது. லெவின் அதோடு நிற்கவில்லை. ஒரு பகுதி திரும்ப வரும்போது எழுதியதை எழுதியபடி மறுபடி ஒப்பிக்காமல், அந்தக் காலத்து வழக்கப்படி தானாகவே அலங்காரங்களைச் சேர்க்கிறார். மொசார்ட் பாதியில் விட்ட சில துண்டுகளைத் தானே முடித்தும் வாசிக்கிறார். கருவியைவிட இந்தத் துணிச்சல்தான் அந்தத் தொகுப்பின் உயிர் என்று சொன்னால் லெவினே மறுக்கமாட்டார்.

சிக்கலும் இங்கேதான். மொசார்ட்டின் சொனாட்டாக்கள் 18 என்று கணக்கு வைத்தால், அவற்றில் முதல் 9 இந்தப் பியானோ அவரிடம் வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. முதல் ஆறும் 1775 வாக்கில் எழுதியவை. அடுத்த மூன்றும் 1777, 78-ல் மான்ஹைம், பாரிஸ் பயணத்தில் எழுதியவை. ஆக ‘மொசார்ட்டின் பியானோவில் மொசார்ட்’ என்ற வாக்கியம் பாதிச் சொனாட்டாக்களுக்குப் பொருந்தாது. அந்த நாட்களில் அவர் மனத்தில் இருந்தவை வேறு கருவிகள். ஆக்ஸ்பர்கில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களைப் புகழ்ந்து 1777 அக்டோபரில் தந்தைக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் பிரசித்தம்.

அதைவிடப் பெரிய சிக்கல் கருவியின் உள்ளே இருக்கிறது. வால்ட்டரின் பியானோக்களை ஆராய்ந்த மைக்கேல் லாட்சம் 1990-களில் ஒரு வாதத்தை வைத்தார். மொசார்ட் இறந்த பிறகு, 1800-ஐ ஒட்டி, இந்தக் கருவி வால்ட்டரின் கைக்கே மறுபடி போயிருக்கிறது. அப்போது சுத்தியல்களை இயக்கும் அமைப்பே மாற்றப்பட்டிருக்கவேண்டும் என்பது அவர் கணிப்பு. தந்திகளின் கார்வையை அடக்கும் டாம்பர்களைத் தூக்க இன்று அதில் முழங்காலால் அழுத்தும் நெம்பு இருக்கிறது. மொசார்ட் காலத்தில் கையால் இழுக்கும் குமிழ்கள் மட்டுமே இருந்திருக்கலாம் என்கிறார். இரண்டு கையும் வாசித்துக்கொண்டிருக்கும்போது குமிழை இழுப்பது எப்படி? இழுக்க முடியாது, ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் முடியும். அப்படியானால் இன்று எந்தப் பியானோ கலைஞரும் மூச்சு விடுவதுபோல் இயல்பாகச் செய்கிற ஒரு காரியத்தை, மொசார்ட் தன் வீட்டுக் கருவியில் செய்யவே இல்லை என்றாகும். லாட்சமின் முடிவை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு தீவிரமான வாதம், தட்டு வாங்குகிறவருக்கு அது தெரியவேண்டும்.

இன்னொன்று காணாமலே போய்விட்டது. 1785-ல் மொசார்ட் தன் பியானோவுக்கு அடியில் வைத்துக் காலால் வாசிக்க ஒரு தனிக் கட்டைப்பலகை செய்துவைத்திருந்தார். அந்த ஆண்டு மார்ச் 10 கச்சேரிக்கான விளம்பரத் துண்டிலேயே அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மந்திர ஸ்தாயிக்கு அது கொடுத்த கனம் எப்படியிருந்ததோ, அந்தப் பலகை இன்று இல்லை. எனவே சால்ஸ்பர்கில் நிற்பது மொசார்ட் சொந்தமாக வைத்திருந்த பியானோ என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1785-ல் வியன்னாக்காரர்கள் கேட்டது அதுவேதான் என்று சொல்ல முடியாது. 1810-ல் மனைவி கான்ஸ்டான்ஸ அதை மிலானில் இருந்த மகன் கார்ல் தாமஸுக்கு அனுப்பினார். தந்தையின் நூற்றாண்டான 1856-ல் மகன் அதைச் சால்ஸ்பர்குக்குக் கொடுத்தார். மரமும் தோலும் தந்தியும் இத்தனை பயணத்தில் அப்படியே இருந்திருக்கும் என்று நம்ப பக்தி நிறைய வேண்டும்.

பழைய கருவியால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கிடையாது. இசைக்குறிப்பில் பொருள் விளங்காத வரிகள் சில, அந்தக் காலத்துப் பியானோ முன்னால் உட்கார்ந்ததும் விளங்கிவிடுகின்றன. பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா 1801-ல் எழுதப்பட்டது. அதன் முதல் பகுதி முழுவதையும் டாம்பர்களைத் தூக்கியபடியே வாசிக்கும்படி அவர் தலைப்பில் எழுதிவைத்தார். இன்றைய பியானோவில் அதை அப்படியே கடைப்பிடித்தால் நான்கு வரிக்குள் எல்லாச் சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். ஆசிரியர்கள் பலர் அந்தக் குறிப்பைக் கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்வார்கள். 1800-ஐ ஒட்டிய வியன்னா பியானோவில் கார்வை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு சுரக்கூட்டத்தின் எச்சம் அடுத்ததில் புகைபோல் கலந்து மறையும். பீத்தோவன் கேட்டது அந்தப் புகையை.

அவருடைய படைப்பு வரிசையில் 110-ஆம் எண் கொண்ட சொனாட்டாவில் இன்னொரு இடம். இடது பெடலை அழுத்தி ஒரே தந்தியில் தொடங்கி, படிப்படியாக எல்லாத் தந்திகளுக்கும் திரும்பும்படி எழுதியிருக்கிறார். இன்றைய பியானோவில் அந்தப் பெடல் மூன்று தந்தியிலிருந்து இரண்டுக்குத்தான் இறங்கும், ஒன்றுக்கு இறங்காது. ஆகவே அந்த இடத்தில் கலைஞர்கள் விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறார்கள். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வருவதுபோன்ற அந்த ஏற்றம், தந்தி ஒவ்வொன்றாகச் சேரும்போது ஒலியின் நிறமே மாறுவதால் வருவது. சத்தத்தைக் கூட்டுவதால் மட்டும் அது வராது.

ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொள்ள பீத்தோவன் தொட்ட அதே கருவி வேண்டுமா? அந்தக் காலத்து நல்ல கருவி ஒன்று போதாதா?

லண்டனின் தாமஸ் பிராட்வுட் 1817 டிசம்பரில் பீத்தோவனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பியானோ, கப்பலில் ட்ரியெஸ்தே துறைமுகம் வரை வந்து, அங்கிருந்து வண்டியில் வியன்னா போய்ச் சேர்ந்தது. பீத்தோவனின் செவி அப்போது அநேகமாகப் போய்விட்டிருந்தது. கேட்கவேண்டும் என்று அடித்து அடித்து அதன் தந்திகளை அறுத்தார். 1824-ல் பார்க்கப் போனவர் கண்டது அறுந்து பின்னிக் கிடந்த தந்திகளை. பீத்தோவன் இறந்த பிறகு அது ஏலத்தில் ஸ்பினா என்ற பதிப்பாளரிடம் போய், அவரிடமிருந்து இசையமைப்பாளர் லிஸ்ட்டின் கைக்கு வந்து, கடைசியில் புடாபெஸ்டில் ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் ஓய்ந்தது. 1991-ல் டேவிட் வின்ஸ்டன் அதைச் செப்பனிட்டார். சிங்கப்பூரில் பிறந்த மெல்வின் டான் அதை வாசித்துப் பதிவு செய்தார். அதோடு ஐரோப்பாவில் ஒரு கச்சேரிச் சுற்றுப்பயணமும் போனார். பதிவு செய்தது நியாயம். ஊர் ஊராகத் தூக்கிப்போனது தேவையில்லாத வேலை.

பெல்ஜியத்தின் டாம் பெகின் வேறு வழியில் போனார். கருவி செய்யும் கிறிஸ் மானேயிடம் சொல்லி அதே பிராட்வுட்டுக்கு ஒரு நகல் செய்வித்தார். அறுந்த தந்தியும் இருநூறு வருட வெடிப்பும் இல்லாமல், லண்டனிலிருந்து வந்து இறங்கிய அன்று இருந்திருக்கக்கூடிய நிலையில் ஒரு பிராட்வுட். 1820-ல் பீத்தோவனுக்காகப் பியானோவின் மேல் வைத்த, ஒலியைத் திரட்டித் தரும் உலோகக் கூண்டு ஒன்றையும் ஆராய்ந்து மறுபடி செய்து, நகலின் மேல் பொருத்தி, கடைசி மூன்று சொனாட்டாக்களை 2017-ல் வெளியிட்டார். புடாபெஸ்டில் இருக்கும் மூலக்கருவியின் மேல் அந்தக் கூண்டை ஆணியடித்துப் பொருத்த எந்த அருங்காட்சியகம் சம்மதிக்கும்? பின்னர் 1803-ல் பீத்தோவன் வாங்கிய பிரெஞ்சு எரார்டு பியானோவுக்கும் இதேபோல் நகல் செய்து 2020-ல் ஒரு பதிவு தந்தார். அந்த எரார்டின் மூலக்கருவி லின்ஸ் நகரில் இருக்கிறது. பீத்தோவன் அதன் கட்டைகள் கனமாக இருக்கின்றன என்று வியன்னா கைவினைஞர்களை வைத்து மாற்றச்சொன்ன தடயங்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. தடயத்தைத் தருவது மூலம். அந்தத் தடயத்தை வைத்துக்கொண்டு பயமில்லாமல் ஓங்கி வாசிக்க உதவுவது நகல். பெகினின் தட்டுகள் மேதையின் சொந்தப் பியானோ என்ற விளம்பரம் இல்லாமலேயே பீத்தோவனுக்குக் கூடுதல் நெருக்கமாக ஒலிக்கின்றன.

வார்சாவில் உள்ள ஷோபன் நிறுவனமும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. அவர்கள் வெளியிட்டுவரும் ‘தி ரியல் ஷோபன்’ வரிசையில் பயன்படுத்தும் 1848-ம் வருடப் பிளேயலும் 1849-ம் வருட எரார்டும் ஷோபன் வீட்டில் நின்றவை அல்ல. அவர் காலத்துக் கருவிகள், அவ்வளவுதான். உடல் தெம்பாக இருந்தால் பிளேயல், சோர்வான நாளில் எரார்டு என்று ஷோபன் வைத்திருந்த கணக்கு ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டும் போதுமானவை. 2018-ல் பழங்கருவிகளுக்கென்றே அந்த நிறுவனம் ஒரு சர்வதேசப் போட்டியைத் தொடங்கியது. இரண்டாவது போட்டி 2023-ல் நடந்தது. முன்னதில் போலந்தின் தோமாஷ் ரிட்டரும் பின்னதில் கனடாவின் எரிக் குவோவும் முதலிடம் பெற்றனர். மியூசியத்தில் ஒரே ஒரு புனிதப் பியானோவைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைவிட, பழைய பியானோவின் மொழியைப் பேசும் இளைஞர்கள் நாற்பது பேர் உருவாவது பெரிய காரியம்.

ஒலிப்பதிவில் மட்டுமே வரும் ஒரு குழப்பமும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய பியானோவுக்கும் புதியதற்கும் உள்ள முதல் வித்தியாசம் சத்தம். வால்ட்டர் பியானோ ஒரு கூடத்துக்கான கருவி. காதைச் சாய்த்துக் கேட்கவேண்டும். தட்டாகவோ கோப்பாகவோ வீட்டுக்கு வந்ததும் கேட்பவர் ஒலிக்குமிழைத் திருகி அதை ஸ்டைன்வேயின் சத்தத்துக்கு ஏற்றிவிடுகிறார். மைக்கை மிக அருகில் வைத்துவிட்டால் கட்டைகளின் தடதடப்பும் தோல் உரசலும் இசையைவிட முன்னால் வந்து நிற்கும்; எட்டத்தில் வைத்தால் இல்லாத மண்டபத்தின் எதிரொலி ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் தாண்டி உயிரோடு வந்து சேர்வது சுரத்தின் தொடக்கமும் அது அடங்கும் விதமும் ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறும் நிறமும்தான். அதுவே நிறைய. ஆனால் மொசார்ட் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோன்ற அனுபவம் என்று விளம்பரத்தில் எழுதுவது வேறு கதை.

காலம் நம்மை நோக்கி வர வர, சொந்தப் பியானோ என்பதன் பொருளும் மாறிக்கொண்டே வருகிறது. நார்வேயின் பெர்கன் நகருக்கு வெளியே, ட்ரோல்ட்ஹாகனில் எட்வர்ட் கிரீகின் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டைன்வே நிற்கிறது. 1892-ல் கிரீக் தம்பதியின் திருமண வெள்ளிவிழாவுக்கு வந்த பரிசு. அதில் இரும்புச் சட்டம், கம்பளச் சுத்தியல் எல்லாம் உண்டு. இன்றைய பியானோவிலிருந்து அது வெகு தூரத்தில் இல்லை. அந்தக் கூடத்தில் அதே கருவியில் லெய்ஃப் உவ அன்ஸ்னெஸ், கிரீகின் 66 லிரிக் பீசஸ் துண்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து வாசித்து 2002-ல் வந்த பதிவு அழகானது. மர வீட்டின் வெதுவெதுப்பு அதில் இருக்கிறது. கிரீக் எப்படி வாசித்தார் என்பது அதில் இல்லை.

ஏனென்றால் கிரீக் எப்படி வாசித்தார் என்பது நமக்கு நேரடியாகவே தெரியும். 1903-ல் பாரிஸில் அவர் ஒன்பது தட்டுப்பக்கங்கள் பதிவு செய்தார். இரைச்சலுக்கு அடியில் கேட்கும் அந்த வாசிப்பு இன்றைய காதுக்கு அதிர்ச்சி: காலப்பிரமாணம் நெகிழ்ந்து நெகிழ்ந்து போகிறது, இடது கைக்கும் வலது கைக்கும் இடையே மெல்லிய பிசிறு, ஒரு சொற்றொடரின் நடுவில் திடீரென ஒரு ஓட்டம். சிகுர்ட் ஸ்லோட்டெப்ரெக் என்ற பியானோ கலைஞரும் தயாரிப்பாளர் டோனி ஹாரிசனும் அந்த ஒன்பது பதிவுகளையும் நுணுக்கமாக ஆராய்ந்து, கிரீகின் அந்தப் பியானோவிலேயே அவற்றை மறுபடி வாசித்துக் காட்ட முயன்றார்கள்; ‘சேசிங் த பட்டர்ஃபிளை’ என்ற பெயரில் 2010-ல் வந்தது. அன்ஸ்னெஸின் பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் உண்மை ஒன்று பளிச்சென்று தெரிகிறது. ஒரே வீடு, ஒரே பியானோ, ஒரே இசையமைப்பாளர். கேட்கிற இசையோ வேறு வேறு. வித்தியாசம் முழுக்க வாசிப்பில் இருக்கிறது.

ரக்மானினாஃப் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1933-ல், அவருடைய அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி ஸ்டைன்வே கொடுத்த பியானோ, சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் ஏரிக்கரையில் உள்ள அவருடைய வில்லா செனாரில் நின்றது. மிகைல் ப்ளெட்னெவும் டெனிஸ் மட்சுயெவும் அதில் பதிவுகள் செய்திருக்கிறார்கள். ரக்மானினாஃபே ஏராளமான ஒலிப்பதிவுகளை விட்டுச் சென்றிருக்கும்போது, அவரைக் கேட்க அவருடைய மரச்சாமானிடம் போவது ஒரு சுற்றுவழி.

அப்படியானால் மூலக்கருவிகளை யாரும் தொடாமல் பூட்டிவைத்துவிடலாமா? அருங்காட்சியகப் பாதுகாவலர்களில் ஒரு சாரார் அப்படித்தான் சொல்கிறார்கள், அவர்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. லாட்சம் மொசார்ட்டின் பியானோவுக்குள் பழைய மாற்றங்களின் தடயத்தைக் கண்டதே, பழைய பாகங்கள் பிழைத்திருந்ததால்தான். வாசிப்பதற்காகத் தோலை மாற்றி, தந்தியை மாற்றி, துளைகளை அடைத்துக்கொண்டே போனால், அடுத்த ஆராய்ச்சியாளருக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் முற்றிலும் ஊமையாக்கிவிட்டால் நகல் செய்கிறவருக்கு இலக்கு எது? அவர் காது எதோடு ஒப்பிடும்?

நடுவழி ஒன்று இருக்கிறது. சால்ஸ்பர்க் ஏறக்குறைய அதில்தான் போகிறது. தலைமுறைக்கு ஒரு முறை, அந்தக் கருவியின் மொழியில் வாழ்ந்த ஒருவரை உட்காரவைத்து, அவசரமில்லாமல், முழுமையாகப் பதிவு செய்யவேண்டும். ஆந்த்ராஷ் ஷிஃப் 1990-களின் தொடக்கத்தில் அந்த வால்ட்டரில் பதிவு செய்தார். லெவின் கால் நூற்றாண்டு கழித்து. போதும். தினமும் 480 கிலோ பியானோவில் கை பழகிய நட்சத்திரம் ஒருவர் இரண்டு நாள் வந்து, உறைக்குப் படம் எடுத்துக்கொண்டு, மெல்லிய சுத்தியல்களை ஓங்கித் தட்டிவிட்டுப் போவதற்கு அனுமதி தரவேண்டியதில்லை. மீதி நேரத்துக்கு நகல்கள் இருக்கின்றன. செக் நாட்டில் பட்டறை வைத்திருக்கும் பால் மெக்நல்டி செய்த வால்ட்டர் நகல்களில் கிறிஸ்தியன் பெசாய்டன்ஹவுட் வாசித்த மொசார்ட்டைக் கேட்டவர்கள் நகல் என்பதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது உறை. தட்டுகள் விற்ற காலத்தில் குறைந்தபட்சம் ஒரு கையேடு கூடவே வந்தது. கருவியின் வரலாற்றை அதில் தேடிப் படிக்கலாம். ஸ்ட்ரீமிங் செயலிகளில் பெரும்பாலும் அந்தக் கையேடு இல்லை. ‘மொசார்ட்டின் பியானோவில்’ என்ற தலைப்பு மட்டும் தங்கிவிட்டது. மரச்சட்டப் பியானோவின் சுருதி அறையின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் நழுவிக்கொண்டே இருக்கும். ஒலிப்பதிவு நடக்கும்போது ஒவ்வோர் இடைவெளியிலும் சுருதி சேர்க்க ஒருவர் பக்கத்திலேயே காத்திருக்கிறார். அவர் பெயரும் திரையில் இல்லை. வேண்டியது மூன்று வரி: கருவியை எந்த ஆண்டில் யார் செய்தார், எந்தெந்தப் பாகங்கள் எப்போது மாற்றப்பட்டன, பதிவின்போது எந்தச் சுருதியில் யார் சேர்த்தார். மூன்று நிமிடச் சினிமாப் பாட்டுக்கு அரை டஜன் பேர் பெயரைச் சுமக்கும் செயலிக்கு இது பாரமாகாது.